சுண்ணாம்பாகிப் போன கடல்

கோட்டாற்றைச் சுற்றிக் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் எந்தக் கல்லை உடைத்தாலும் உள்ளே ஒரு சிப்பியோ ஓர் இலையோ கிடைக்காது. எல்லாம் சார்னோக்கைட், இல்லையென்றால் கோண்டலைட். விவேகானந்தர் பாறையும் இந்தக் குடும்பம்தான். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, நெரிந்து, வேறு கல்லாக மாறியவை. கோண்டலைட் ஆதியில் சேறும் மணலுமாகப் படிந்த பாறைதான். அந்தச் சூட்டில் படிந்த அடையாளம் எல்லாம் போய், கார்னெட்டும் கிராஃபைட்டுமாக ஆகிவிட்டது. எங்க ஊர்க் கடற்கரை மணலில் சிவப்பாக மின்னுவது அந்தக் கார்னெட்தான்.

இருந்தாலும் எங்கள் மாவட்டத்தில் புதைபடிவங்கள் உண்டு. அவை வெளியூரிலிருந்து இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தவை.

முதல் வழி பக்தி. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் கிடந்த திருமேனி 16,008 சாளக்கிராமங்களைச் சேர்த்துக் கடுசர்க்கரைக் கலவையால் செய்யப்பட்டது என்பது ஐதீகம். சாளக்கிராமம் நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கிற கறுப்புக் கூழாங்கல். அதற்குள் சக்கரம்போலச் சுருண்டிருப்பது பெரும்பாலும் அம்மோனைட் என்கிற கடல்உயிரியின் ஓடு. கணவாய்க்கும் நாட்டிலஸுக்கும் தூரத்துச் சொந்தம். இமயமலை எழுந்தபோது அந்தக் கடலடிச் சேறும் கூடவே மேலே போனது. பிறகு ஆற்றில் உருண்டு, யாத்திரிகர் கைக்கு வந்து, பூஜையறைக்கு வந்தது.

இரண்டாவது வழி சிமெண்ட் மூட்டை.

எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது இறங்கிய மூட்டைகளின் பின்பக்கம் ஆலையின் முகவரி அச்சிட்டிருந்தது: அரியலூர் மாவட்டம். கோட்டாற்றுக் கடைகளில் விற்கும் சிமெண்ட் எல்லாமே அங்கிருந்து வருவதில்லை. தாழையூத்து நமக்குப் பக்கம். ஆனால் தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லும் எங்க ஊர்க் கல்லைப் போலவே பூமிக்கடியில் வெந்து படிகமானது, பழைய உருவம் எதுவும் அதில் மிஞ்சவில்லை. அரியலூர்க் கல் அப்படி இல்லை. அது வேகாத கல். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கிற சுண்ணாம்புக்கல்லில் சிப்பி சிப்பியாகவே இருக்கிறது. கிரைஃபியா என்ற தடித்த வளைந்த சிப்பிகள் அடுக்கடுக்காக நெருங்கிக் கிடக்கும். வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள்.

அந்த வேலைக்கு வந்த கொத்தனார் அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல். “சிமெண்டும் சிப்பிதான் தெரியுமா அண்ணாச்சி?” என்று கேட்டேன். அவர் அசரவில்லை. “அந்தக் காலத்துல நாங்க பூசுனதும் சிப்பிதானே மக்கா? சிப்பிய நீத்தி, ஆட்டி, அரைச்சு எடுக்கதுக்கே நாலு நாளு ஆவும். இப்ப அத கம்பெனிக்காரன் செய்யான், அவ்வளவுதானே.”

வேதியியல்படி அவர் சொன்னது முக்கால்வாசி சரி. சிப்பியும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரியில் சுட்டால் 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும், 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். சூளையிலும் இதுதான் நடக்கிறது, சிமெண்ட் ஆலையிலும் இதுதான். ஆலையில் களிமண்ணும் சேர்த்து 1,450 டிகிரி வரை கொண்டுபோய்க் கிளிங்கர் ஆக்குகிறார்கள், பிறகு கொஞ்சம் ஜிப்சம் கலந்து அரைக்கிறார்கள். வித்தியாசம் அதற்கப்புறம். சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. சிமெண்ட் அப்படி இழுப்பது குறைவு, அதுவும் மெதுவாக. இன்னொரு வித்தியாசம்: கொத்தனார் நீற்றிய சிப்பி போன வருஷம் செத்தது, அடுத்த வருஷம் மறுபடி விளையும். அரியலூர்ச் சிப்பி விளையாது.

ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் என்றால் 50 கிலோ மூட்டைக்கு 70 கிலோவை ஒட்டி. மாடிப்படியில் அடுக்கியிருந்த மூட்டைகளை எண்ணிப் பார்த்தபிறகுதான் எனக்கு அந்தக் கடலின் வரலாற்றைப் படிக்கிற ஆசை வந்தது.

*

கிரெட்டேசியஸ் என்ற பெயரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. லத்தீனில் ‘கிரெட்டா’ என்றால் சுண்ணக்கட்டி. சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். அதன் தொடக்கத்தில் இந்தியா தெற்கு அரைக்கோளத்தில், அண்டார்டிகாவை ஒட்டிக் கிடந்தது. கோண்ட்வானா உடைந்தபோது இந்தியாவின் கிழக்கு ஓரம் விரிசல் விட்டு இறங்கியது. இன்று காவிரிப் படுகை என்று சொல்கிறோமே, அது அப்படி உண்டான பள்ளம். அந்தப் பள்ளத்தில் கடல் ஏறியது.

கடல் ஏறி, தங்கி, விலகி, மறுபடி ஏறிய கதை முழுதும் பெரம்பலூர், அரியலூர் பக்கம் வெளியே தெரிகிறது. அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சரிந்திருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே போகப் போகக் காலத்தில் முன்னால் வருகிறோம். மேற்கே காரையில் புல் பூண்டு இல்லாத களிமண் மேடுகள், மழைநீர் அறுத்த ஓடைகள். அங்கே பெலம்னைட்டுகளும் அம்மோனைட்டுகளும் கிடைக்கும், கடல் நன்றாக உள்ளே வந்திருந்த காலம். அடுத்து கருடமங்கலம், கரையோரச் சிப்பிகள் நெருங்கிய கல். மெருகேற்றினால் பளபளக்கும் அதை வெள்ளைக்காரர்கள் ‘திருச்சிராப்பள்ளி மார்பிள்’ என்றார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரமே கல்லாகிக் கிடக்கிறது. கடலுக்குள் அடித்துவரப்பட்ட மரம். 1940-இல் அதைக் கண்டறிந்து சொன்ன எம்.எஸ். கிருஷ்ணன் பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவர் ஆனார். அதற்கும் கிழக்கே கல்லங்குறிச்சியின் சிப்பிப் படுகை. அப்புறம் கடல் விலகிய கல்லமேடு, ஆற்று மணலும் டைனோசர் எலும்பும். கடைசியாக நின்னியூர், கடல் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தக் கடலில் நாட்டிலஸ் உண்டு, அம்மோனைட் கிடையாது. நடுவில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவு நடந்து முடிந்திருக்கிறது.

ஐம்பது கிலோமீட்டருக்குள் நான்கு கோடி ஆண்டுகளுக்கு மேல். தென்னிந்தியாவில் கடல்படிவாக இவ்வளவு நீளத் தொடர்ச்சியை நிலத்தின் மேல் பார்க்க வேறு நல்ல இடம் இல்லை.

*

இதை முதலில் வாசித்தவர்கள் புவியியலாளர்கள் கிடையாது. 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு கம்பெனிக்கால ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் பொறுக்கிய சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-இல் அறிக்கை எழுதினார். அம்மோனைட் என்ற சொல்லே எகிப்தின் அம்மோன் கடவுளின் ஆட்டுக்கொம்பிலிருந்து வந்தது. ஃபோர்ப்ஸ் அதோடு இந்தியக் கடவுள்களையும் சேர்த்துவிட்டார்: இந்திரா, சூர்யா, பிரம்மா. அவர் ‘இந்திரா’ என்று பெயரிட்ட இனம் பிறகு பசிபிக் கரைகளிலும் அண்டார்டிகாவிலும் கிடைத்தது. சாளக்கிராமத்தில் விஷ்ணுவைப் பார்த்த நம் ஆட்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றியிருக்காது.

பொறுக்கியவர்களுக்குப் பின்னால் அளந்தவர் வந்தார். 1851-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தொடங்கியது. அதில் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு இருபதுகளின் நடுவில் இந்த வெயிலில் ஊர் ஊராக நடந்து வரைபடம் வரைந்தார். 1862-இல் வந்த அவருடைய நூல் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தது: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். அந்தப் பிரிவை இன்றுவரை திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறார்கள், தூக்கி எறிய முடியவில்லை. வானிலை ஆய்வுத் துறை 1875-இல் பிறந்தபோது அதற்கு முதல் தலைவரானவரும் இவர்தான்.

பிளான்ஃபோர்டு சேகரித்த பெட்டிகளைத் திறந்து உட்கார்ந்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டில் பிறந்தவர், 1862-இல் கல்கத்தா வந்தபோது வயது 24. அடுத்த பத்து வருஷம் தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்களை ஒவ்வொன்றாக வரைந்து, விவரித்து, நான்கு தொகுதிகள் எழுதினார். கடைசித் தொகுதி 1873. மறு வருஷம் யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார். 36 வயது. லேயில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. ‘ஸ்டோலிச்காயா’ என்று ஓர் அம்மோனைட் பேரினமும் இருக்கிறது. அந்த ஓடு கிடைக்கும் அடுக்கை வைத்து ஐரோப்பாவில் பாறையின் வயதைச் சொல்கிறார்கள். எங்கள் தொழில் மொழியில் சொன்னால் டைம்ஸ்டாம்ப்.

இந்தச் சிப்பிகள் நம்முடைய கற்பனையிலும் கைவைத்திருக்கின்றன. திருச்சிராப்பள்ளிப் படிவுகளின் உயிரினங்கள் தென்னாப்பிரிக்காவின் நட்டால் கரையில் கிடைத்தவற்றோடு ஒத்துப்போயின. ஆனால் இந்தியாவுக்குள்ளேயே நர்மதைப் பள்ளத்தாக்கில் கிடைத்தவற்றோடு ஒத்துப்போகவில்லை. அப்படியானால் இரண்டு கடல்களுக்கும் நடுவே ஒரு பெரிய நிலம் தடுத்திருக்க வேண்டும், இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த அந்த நிலம் பிறகு மூழ்கியிருக்க வேண்டும். 1875-இல் பிளான்ஃபோர்டு எழுதிய கட்டுரை அப்படியொரு இந்தியப் பெருங்கடல் கண்டத்துக்காக வாதாடியது. லெமூர் குரங்குகளை வைத்து ஃபிலிப் ஸ்கிளேட்டர் 1864-இல் சொன்ன லெமூரியாவுக்குப் பாறைச் சான்று கிடைத்தமாதிரி ஆனது. அந்தச் சொல் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழறிஞர்கள் கைக்கு வந்தது, பழைய உரைகள் சொல்லும் கடல்கொண்ட நிலத்தோடு இணைந்தது, குமரிக்கண்டம் ஆனது.

குமரி மாவட்டத்துக்காரனுக்கு இந்தச் சங்கிலியைப் படிக்கையில் சிரிப்பும் வரும், கொஞ்சம் வியப்பும் வரும். நாங்கள் மேடையில் கேட்டு வளர்ந்த கண்டத்தின் ஒரு வேர் அரியலூர்ச் சிப்பியில் இருக்கிறது! நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது என்று 20-ஆம் நூற்றாண்டு கண்டுபிடித்தது. மனிதன் வருவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே எல்லாம் நகர்ந்துவிட்டது. ஆனால் பிளான்ஃபோர்டு பார்த்த ஒற்றுமை பொய்யாகவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் மாறியது. தரவு சரியாகப் பதிவாகியிருந்தால் நூறு வருஷம் கழித்துக்கூட வேறொருவர் வேறு பதில் சொல்லலாம். தரவு போய்விட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

*

1939-இல் கல்லக்குடியில் டால்மியா சிமெண்ட் ஆலை தொடங்கியது, ஊருக்கு டால்மியாபுரம் என்று பெயர் விழுந்தது. 1953 ஜூலை 15 அன்று அந்தப் பெயரை நீக்கச் சொல்லி மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்று ரயில் நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம். ஆனால் சிமெண்டுக்காக அங்கே தோண்டிய பள்ளத்தில்தான், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளமும் பாசியும் கட்டிய சுண்ணாம்புப் படிவு முழுசாக வெளியே தெரிந்தது. உலகப் புவியியல் நூல்களில் அதன் பெயர் ‘டால்மியாபுரம் படிவம்’. போராட்டம் பெயர்ப்பலகையில் ஜெயித்தது, பாறையில் அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்த முரணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுரங்கம் இல்லையென்றால் அந்தப் படிவை யாரும் இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க முடியாது. கல்லங்குறிச்சியும் அப்படித்தான், சுரங்கச் சுவர்தான் அதன் சிறந்த பாடப்புத்தகம். மேலே வயல், அடியில் கல். தோண்டினால்தான் பக்கங்கள் தெரியும். அதே இயந்திரம்தான் அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைச் சுரண்டி லாரியில் ஏற்றுகிறது. புத்தகத்தை நமக்குத் திறந்து காட்டுகிறவரும் எரிக்கிறவரும் ஒரே ஆள். அதனால் ‘சுரங்கம் ஒழிக’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னாலும் அந்தச் சொல் என் வீட்டு மாடியில் பட்டு எதிரொலிக்கும்.

அழிக்க ஆலைதான் வேண்டும் என்றும் இல்லை, கவனக்குறைவு போதும். 1980-களின் இறுதியில் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் கிடைத்த ஒரு டைனோசரைப் பற்றி எழுதினார்கள். பெயர் புருஹத்காயோசாரஸ் மேட்லேயி. ‘பிரம்மாண்ட உடல்’ என்ற சமஸ்கிருதச் சொல்லும், முன்பு திருச்சி மாவட்ட டைனோசர்களை ஆராய்ந்த சார்லஸ் மேட்லியின் பெயரும் சேர்ந்தது. அதன் கீழ்க்கால் எலும்பு, அதாவது டிபியா, 2 மீட்டர் நீளம் என்று பதிவானது. உலகின் மாபெரும் டைனோசர்களில் ஒன்றான அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பே ஒன்றரை மீட்டரை ஒட்டித்தான் வரும். 2023-இல் வந்த ஒரு கணக்கு இதன் எடை நூறு டன்னைத் தாண்டியிருக்கலாம் என்றது.

எலும்பு எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. உதிரும் தன்மையுள்ள அந்த எலும்பு, பிளாஸ்டர் கட்டுக்குள்ளேயே நொறுங்கிப் போய்விட்டது. மிஞ்சியவை கோட்டோவியங்களும் சில புகைப்படங்களும். அந்தப் படங்களும் பரவலாக வெளியானது 2022-இல்தான். நிலத்தில் நடந்த மிகப்பெரிய உயிர் ஒருவேளை அரியலூரில் நடந்திருக்கலாம். அதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

அதே கல்லமேட்டில் சல்லடை போட்டுச் சலித்தவர்களுக்குச் சின்னப் பற்கள் கிடைத்தன. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, மடகாஸ்கரில் மட்டும் அறியப்பட்டிருந்த சிமோசூகஸ் என்ற விசித்திர முதலை இனத்துக்கு நெருங்கிய பல் ஒன்றை இங்கே காட்டியது. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகள் கழித்தும் இரு பக்கமும் ஒரே சாயலில் முதலை எப்படி? பிளான்ஃபோர்டின் பழைய கேள்விதான், புதிய பல்லோடு திரும்ப வந்திருக்கிறது.

*

ஒரு புதைபடிவத்தின் மதிப்பில் பாதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த அடுக்கு, எந்த உயரம், பக்கத்தில் என்ன. அந்த விவரம் இல்லாமல் அலமாரியில் இருக்கும் அம்மோனைட், நேரமும் இடமும் அழிக்கப்பட்ட லாக் வரி மாதிரி. ஏதோ நடந்திருக்கு, எப்போன்னு தெரியல. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ‘டைனோசர் முட்டை’ என்று உருண்டைக் கற்களின் படங்கள் வாட்ஸ்ஆப்பில் பறந்தன. புவியியலாளர்கள் வந்து பார்த்து, அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கற்கள் என்றார்கள். முட்டை இல்லை என்றதும் ஊடகத்துக்கு ஆர்வம் போய்விட்டது. அம்மோனைட்டுக்கு அந்த மரியாதை இல்லை.

இத்தாலியில் குப்பியோ என்ற ஊருக்கு வெளியே, சாலையோரச் சுண்ணாம்புப் பாறையில், ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள களிமண் கோடு இருக்கிறது. கீழே கிரெட்டேசியஸ், மேலே அடுத்த காலம். அந்தக் கோட்டில் இரிடியம் அளவுக்கு மீறி இருப்பதைப் பார்த்துத்தான், விண்கல் மோதி டைனோசர்கள் அழிந்தன என்ற கருதுகோளை 1980-இல் ஆல்வாரெஸ் குழு வைத்தது. ஒரு சென்டிமீட்டர்! ஒரு பொக்லைன் வாளி அள்ளினால் எத்தனை சென்டிமீட்டர் போகும்? அரியலூரில் கல்லமேட்டுக்கும் நின்னியூருக்கும் நடுவே அதே காலத்தின் எல்லைதான் ஓடுகிறது.

நூறு வருஷம் பழைய கட்டடங்களைக் காக்க நம்மிடம் 1958-லிருந்து சட்டம் இருக்கிறது. 7 கோடி வருஷப் பாறைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று மத்திய அரசின் வரைவு மசோதா வந்ததே 2022-இல்தான். சாத்தனூர் மரம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம், வேலி இருக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் மரத்தைக் காப்பாற்றலாம், சிப்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். அடுக்கை அப்படி எடுத்து வைக்க முடியாது. அது இருக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும்.

அதனால் நான் கேட்பது சின்ன விஷயம். கல் தீர்ந்து கைவிடுகிற ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரு சுவரை, மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்கும் தெரிகிற ஒரே ஒரு சுவரை, மூடாமல் விட்டுவைக்கட்டும். அளந்து, படமெடுத்து, எண் போட்டு, பிள்ளைகள் இறங்கிப் பார்க்க ஒரு படிக்கட்டும் வைக்கட்டும். பிரிட்டனில் பழைய குவாரிச் சுவர்களை அறிவியல் முக்கியத்துவத்துக்காக இப்படிக் காக்கிறார்கள். ஆலைக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் வராது.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் காரை ஓடைகளில் இறங்கிப் பாருங்கள். மழைக்குப் பிறகு தரையிலேயே ஏதாவது கிடக்கும். பையில் போடும்முன் அது எந்தச் சரிவில், எந்த நிற மண்ணிலிருந்து வந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் எடுக்காமலே வந்துவிடுங்கள். சாளக்கிராமத்தைக் கையில் ஏந்துகிறவர் அதற்கு வைக்கிற மரியாதையில் பத்தில் ஒரு பங்கு போதும். அதன் தாயாதிதான் இங்கே மூட்டைக் கணக்கில் அரைபடுகிறது.